செனகல் 2024: ஒரே வருஷத்தில் ஒரு நாடு எத்தனை திருப்பம் கண்டது?

#1 — கொண்டல்

மேற்கு ஆப்பிரிக்கா என்றாலே நமக்கு வந்து சேரும் செய்தி ராணுவப் புரட்சிதான். மாலி, கினி, புர்க்கினா ஃபாசோ, நைஜர் என்று வரிசையாகப் பார்த்தோம். அந்த நாடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிற செனகலில் 2024-ல் நடந்ததைத் தமிழில் யாரும் நிதானமாகப் பேசி நான் பார்க்கவில்லை. அதற்காகத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளமாகப் போகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் மார்ச் 24 அதிபர் தேர்தலைத்தான் அந்த வருஷத்தின் பெரிய நாள் என்கிறார்கள். எனக்குப் பெரிய நாள் பிப்ரவரி 15. ஏன் என்று சொல்ல, நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும்.

மாக்கி சால் 2012 முதல் அதிபர். இரண்டு முறைதான் இருக்கலாம் என்பது அரசியலமைப்பு. மூன்றாம் முறை நிற்கப் பார்க்கிறார் என்று ரெண்டு வருஷம் நாடே கொதித்தது. கடைசியில் 2023 ஜூலையில் 'நிற்க மாட்டேன்' என்று அறிவித்தார். தேர்தல் 2024 பிப்ரவரி 25 என்று முடிவாகியிருந்தது. பிப்ரவரி 4 பிரசாரம் தொடங்க வேண்டும். அதற்குச் சில மணி நேரம் முன்னால், பிப்ரவரி 3 அன்று டிவியில் வந்து தேர்தலையே தள்ளிவைத்துவிட்டார். அவர் சொன்ன காரணம், முன்னாள் அதிபர் அப்துலாய் வாதின் மகன் காரிம் வாதை இரட்டைக் குடியுரிமை என்று வேட்பாளர் பட்டியலிலிருந்து நீக்கியதில், நீக்கிய அரசியலமைப்பு மன்றத்தின் (வேட்பாளர் தகுதியையும் சட்டம் செல்லுமா என்பதையும் தீர்மானிக்கிற நீதி அமைப்பு) நீதிபதிகள் இருவர் மேல் காரிமின் கட்சி லஞ்சப் புகார் சொன்னதும், அதை விசாரிக்க நாடாளுமன்றம் குழு போட்டதும்.

ரெண்டே நாளில் நாடாளுமன்றம் கூடியது. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் மேடையை மறித்து நின்றார்கள். துணை ராணுவப் போலீஸ் உள்ளே வந்து அவர்களை அப்புறப்படுத்தியது. அதற்குப் பிறகு இரவில் ஓட்டெடுப்பு: 105-க்கு 1. தேர்தல் டிசம்பர் 15-க்குப் போனது, அதுவரை மாக்கி சாலே தொடர்வார் என்றும் சேர்த்தே நிறைவேற்றினார்கள். அன்றைக்கே மொபைல் இணையத்தையும் துண்டித்தார்கள்.

இந்த இடத்தில்தான் பிப்ரவரி 15 வருகிறது. அரசியலமைப்பு மன்றம், மொத்தம் ஏழு பேர், அதிபரின் ஆணையையும் நாடாளுமன்றச் சட்டத்தையும் சேர்த்து ரத்து செய்தது. அதிபரின் பதவிக்காலத்தை நீட்ட யாருக்கும் அதிகாரமில்லை என்றது. அந்த ஏழு பேரையும் பதவியில் அமர்த்தியது யார் என்று பாருங்கள். ஆறு வருஷப் பதவி, மறுநியமனம் கிடையாது, நியமனம் செய்வது அதிபர். அதாவது ஏழு பேருமே மாக்கி சால் கையெழுத்தில் வந்தவர்கள். அவர்களே அவருடைய ஆணையைச் செல்லாது என்றார்கள். எனக்கு இதை விடப் பெரிய செய்தி அந்த வருஷத்தில் இல்லை.

#2 — தெருவிளக்கு

அண்ணா, ஒரு அடிப்படைச் சந்தேகம். ஜெயிலில் இருந்தவர் பத்து நாளில் அதிபர் ஆகிவிட்டார் என்று அப்போது எங்கேயோ படித்தேன். அதெப்படி முடியும்? ஜெயித்தவர் பிரபலமே இல்லாதவர் என்றும் சொன்னார்கள்.

#3 — கொண்டல்

தம்பி, நீங்கள் படித்தது சரிதான். கதையில் ரெண்டு பேர். உஸ்மான் சொங்கோ என்பவர் வரித்துறை அதிகாரி, அரசை விமர்சித்ததால் வேலை போனவர், அப்போது சிகின்ஷோர் நகர மேயர். இளைஞர்கள் அவருக்காக உயிரையே கொடுப்பார்கள் என்கிற நிலை. அவர் மேல் வழக்குக்கு மேல் வழக்கு. 2023 ஜூலையில் அவரைச் சிறையில் வைத்து, அவருடைய பாஸ்தெஃப் கட்சியையும் கலைத்துவிட்டார்கள். 2024 ஜனவரியில் மனுவும் தள்ளுபடி.

இன்னொருவர் அதே கட்சியின் பொதுச் செயலாளர் பஸ்ஸிரு ஜொமாய் ஃபாய். அவரும் வரித்துறைக்காரர். நீதிபதிகளை விமர்சித்து ஃபேஸ்புக்கில் எழுதினார் என்று 2023 ஏப்ரலிலேயே பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். ஆனால் அவருக்கு எதிராகத் தண்டனைத் தீர்ப்பு எதுவும் வரவில்லை, அதனால் மனு ஏற்கப்பட்டது. கட்சி இவரை நிறுத்தியது. 'ஜொமாய்தான் சொங்கோ' என்று வொலோஃப் மொழியில் ஒரே கோஷம், ஊர் ஊராகப் பரவியது.

பிப்ரவரி 15 தீர்ப்புக்குப் பிறகும் மாக்கி சால் ஜூன் 2 என்று ஒரு தேதியைக் கொண்டுவரப் பார்த்தார். மார்ச் 6 அன்று மன்றம் மறுபடி 'முடியாது, ஏப்ரல் 2-க்குள் உங்கள் காலம் முடிகிறது, அதற்கு முன் தேர்தல் நடக்க வேண்டும்' என்றது. அப்புறம்தான் மார்ச் 24 முடிவானது. அதே மார்ச் 6 அன்று பொதுமன்னிப்புச் சட்டமும் நிறைவேறியது. மார்ச் 14 இரவு தலைநகர் டக்காரின் காப் மனுவேல் சிறையிலிருந்து ரெண்டு பேரும் வெளியே வந்தார்கள். நோன்பு மாதம் வேறு. நோன்பு திறந்த பிறகு தெருவில் இறங்கிய கூட்டத்தை வீடியோவில் பார்த்தால், அதைப் பிரசாரம் என்பதா, பத்து நாள் ஊர்வலம் என்பதா என்று தோன்றும். ஃபாய் 54.28 சதவீதம், ஆளுங்கட்சியின் அமாது பா 35.79. முதல் சுற்றிலேயே முடிந்தது. முடிவு தெளிவான மார்ச் 25 ஃபாய்க்கு 44-வது பிறந்தநாள். அன்றைக்கே அமாது பா ஃபோன் செய்து வாழ்த்திவிட்டார்.

அங்கே ஓட்டுப் போடும் விதத்தையும் சொல்ல வேண்டும். நம்ம மாதிரி மெஷின் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சீட்டு. 19 பேர் என்பதால் மேசையில் 19 கட்டு அடுக்கியிருக்கும். ஓட்டர் பல சீட்டுகளை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போக வேண்டும், ஒரே சீட்டை எடுத்தால் யாருக்கு என்று தெரிந்துவிடும் இல்லையா. உள்ளே ஒன்றை மட்டும் உறையில் போட்டு, வெளியே வந்து கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பெட்டியில் போட்டு, விரலை மையில் முக்க வேண்டும். மாலையில் அதே சாவடியில் எல்லார் கண் முன்னால் எண்ணுகிறார்கள். வானொலி நிருபர்கள் சாவடி சாவடியாக எண்ணிக்கையை நேரலையில் வாசிப்பார்கள். 2000-லும் 2012-லும் ஆளும் அதிபர்கள் தோற்றபோது இதுதான் நடந்தது. ராத்திரிக்குள் ஊருக்கே முடிவு தெரிந்துவிடும், பிறகு யார் எதை மாற்ற முடியும்?

#4 — வடகரை

கொண்டல், நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் நீதிபதிகளுக்கு இவ்வளவு பெரிய மாலை வேண்டாம். தீர்ப்பு எழுதுவது ஒரு விஷயம், அதற்கு அதிகாரத்தில் இருப்பவன் அடங்குவது வேறு விஷயம். பக்கத்து நாட்டில் இதே தீர்ப்பு வந்திருந்தால் நீதிபதிகள் வீட்டுக் காவலில் இருந்திருப்பார்கள். மாக்கி சால் 'மன்றத்தின் முடிவை நிறைவேற்றுவேன்' என்று மறுநாளே சொன்னார், ஏப்ரல் 2 அன்று பதவியைக் கைமாற்றிவிட்டுப் போனார். அவர் காலத்தில் வந்த புறநகர் ரயில், ஜியாம்நியாஜோ புதுநகரம், நெடுஞ்சாலை எல்லாம் கண் முன்னால் இருக்கின்றன. அவர் செய்தது பிழை, மறுக்கவில்லை. ஆனால் ராணுவத்தைக் கூப்பிடாமல் போனவர் என்பதையும் எழுதுங்கள். ராணுவமும் முகாமை விட்டு வெளியே வரவில்லை. 1960-ல் சுதந்திரம் வாங்கியதிலிருந்து அந்த நாட்டில் ஒரு ராணுவ ஆட்சிகூட வந்ததில்லை என்பது சும்மா இல்லை.

#5 — வெண்சங்கு

நீங்கள் ரெண்டு பேரும் மேலே இருப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நீதிபதியா, அதிபரா என்று. செத்தவர்கள் எங்கே?

பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. தேர்தலைத் தள்ளிவைத்ததை எதிர்த்த போராட்டத்தில் சான் லூயி நகரில் காஸ்டன் பெர்ஜே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் செத்தார். அடுத்து டக்காரில் ஒருவர், சிகின்ஷோரில் ஒருவர். அந்த வாரத்தில் மட்டும். அதற்கு முன் 2021 மார்ச்சில், 2023 ஜூனில் நடந்த போராட்டங்களில் செத்தவர்களையும் சேர்த்தால் குறைந்தது 60 பேர் என்பது அம்னஸ்டி மனித உரிமை அமைப்பின் கணக்கு. பெரும்பாலும் இளைஞர்கள். அந்தப் பொதுமன்னிப்புச் சட்டம் இருக்கிறதே, 2021 பிப்ரவரி 1 முதல் 2024 பிப்ரவரி 25 வரை நடந்த எல்லா அரசியல் வன்முறைக்கும் மன்னிப்பு. சொங்கோ வெளியே வந்தார், சந்தோஷம். அதே சட்டத்தால் சுட்டவனுக்கும் மன்னிப்பு. பிள்ளையைப் புதைத்த தாய்க்கு வழக்குப் போடக்கூட வழியில்லாமல் போனது. கட்சி கொண்டாடிய அதே வாரத்தில் அந்த வீடுகளில் என்ன பேசியிருப்பார்கள்?

தேர்தலைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால் நான் தெருவில் நின்றவர்களைத்தான் சொல்வேன். 'ஆர் சுனு எலெக்ஸியோன்' ('நம் தேர்தலைக் காப்போம்') என்று தொழிற்சங்கங்கள், மத அமைப்புகள், குடிமக்கள் குழுக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு கட்டினார்கள். பிப்ரவரி 17 அன்று டக்காரில் ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். அரசு அனுமதித்த பேரணி, ஒரு கல்கூட விழவில்லை.

#6 — கொண்டல்

வெண்சங்கு அக்கா, தெருவை நான் குறைக்கவே இல்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். 2021-லும் 2023-லும் தெரு இருந்தது, உயிரும் போனது, ஆனால் கலைத்த கட்சி கலைத்தபடிதான் இருந்தது. 2024-ல் தெருவுக்கு ஒரு கதவு திறந்தது, அந்தக் கதவு மன்றத்தில் இருந்தது. மன்றம் வேறு மாதிரி சொல்லியிருந்தால் டிசம்பர் வரை எத்தனை பேர் போயிருப்பார்களோ.

வடகரைக்கு: அடங்கியது பெரிது, ஒப்புக்கொள்கிறேன். அவர் அடங்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். 2016-ல் பொதுவாக்கெடுப்பு வைத்து அதிபர் காலத்தை ஏழிலிருந்து ஐந்து வருஷமாகக் குறைத்ததும், அந்தக் கால அளவை யாரும் திருத்த முடியாது என்று அரசியலமைப்பிலேயே பூட்டுப் போட்டதும் மாக்கி சால் ஆட்சியில்தான். மன்றம் அதே பிரிவைத்தான் எடுத்து வைத்தது. அந்த மனிதர் நல்ல காலத்தில் எழுதிய விதி கெட்ட காலத்தில் அவரைப் பிடித்து நிறுத்தியது. இதற்காகவே அவருக்கு ஒரு மரியாதை உண்டு என்னிடம்.

#7 — கணக்குப்பிள்ளை

ரயிலும் நெடுஞ்சாலையும் கண் முன்னால் இருக்கிறது என்றாரே வடகரை, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை அந்த வருஷத்தின் மையம். பிப்ரவரியும் இல்லை, மார்ச்சும் இல்லை. செப்டம்பர் 26.

அன்றைக்கு, ஃபாய் ஆட்சியில் பிரதமராகிவிட்டிருந்த சொங்கோ பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, முந்தைய அரசு 2019 முதல் 2023 வரை நாட்டுக் கணக்கைத் திரித்துக் காட்டியது என்றார். பற்றாக்குறை ஜிடிபியில் சராசரி 5.5 சதவீதம் என்று வெளியே சொன்னார்கள், உண்மையில் 10-க்கும் மேல். கடன் 66 சதவீதத்துக்குக் கீழே என்றார்கள், 76-ஐத் தாண்டியிருந்தது. அரசியல் பேச்சு என்று முதலில் பலர் நினைத்தார்கள். நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் மூடிஸ் நிறுவனம் அக்டோபரிலேயே செனகலின் மதிப்பீட்டை இறக்கியது. ஐஎம்எஃப்பின் கடன் திட்டம் நின்றது. 2025 பிப்ரவரியில் அந்நாட்டுத் தணிக்கை நீதிமன்றம் அறிக்கை வெளியிட்டபோது, 2023 முடிவில் கடன் 99.67 சதவீதம் என்று வந்தது. சொங்கோ சொன்னதையும் தாண்டிவிட்டது.

ஒரு அரசு வெளியே சொல்லாமல் வங்கியில் கடன் வாங்கினால் அந்தக் கடன் எங்கேயும் போகாது, வட்டியோடு அடுத்தவர் மேசைக்கு வரும். புது ஆட்சி ரொட்டி, அரிசி, எண்ணெய், சர்க்கரை விலையைக் குறைத்து ஜூனில் அறிவித்தது. ஜூன் 11 அன்று சங்கோமார் கடல் வயலிலிருந்து முதல் எண்ணெயும் வந்தது. ஒரு நாளில் ஒரு லட்சம் பீப்பாய் எடுக்கக்கூடிய கப்பல், பெயர் லியோபோல்ட் செதார் செங்கோர், முதல் அதிபரின் பெயர். ஆனால் வயலில் ஆஸ்திரேலிய வுட்சைட் கம்பெனிக்கு 82 சதவீதம், அரசு கம்பெனி பெட்ரோசெனுக்கு 18. வரியும் ராயல்டியும் தனி, சரி. இருந்தாலும் எண்ணெய் வந்த வருஷத்திலேயே கடன் குழி திறந்ததால், அந்த மகிழ்ச்சியை அனுபவிக்க அவர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை.

#8 — பாய்மரம்

கடல் பேச்சு வந்ததால் நானும் எழுதுகிறேன். எண்ணெயை விடுங்கள், மீனைப் பாருங்கள்.

செனகல்காரர்களின் மதியச் சாப்பாடு மீன் சோறு. அதில் மரியாதையான மீன் என்றால் அவர்கள் 'சோஃப்' என்று சொல்கிற களவா வகை. இப்போது அது ஏற்றுமதிக்கும் பணக்காரர் வீட்டுக்கும் போய்விடுகிறது என்பது அங்கே எல்லோருடைய புலம்பல். மர வள்ளங்களில் போகிறவர்கள் வெளிநாட்டு இழுவைக் கப்பல்களோடு போட்டி போட முடியாமல் திணறுகிறார்கள். புது அரசு மே மாதம் உரிமம் பெற்ற கப்பல்களின் பட்டியலை வெளியிட்டது, இது மீனவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு இருந்த மீன்பிடி ஒப்பந்தம் நவம்பரில் முடிந்து, புதுப்பிக்கப்படவில்லை.

ஆனால் வலையை ஏற்றிப் போன அதே வள்ளத்தில் ஆளை ஏற்றி ஸ்பெயினின் கேனரித் தீவுக்கு அனுப்புவது நிற்கவில்லை. 2024-ல் அந்தத் தீவுகளுக்குப் படகில் போய்ச் சேர்ந்தவர்கள் 46,843 பேர், பல நாட்டுக்காரர்கள், அதுவரை இல்லாத அளவு. போய்ச் சேராதவர்களை யார் எண்ணுவது? செப்டம்பர் 8 அன்று ம்பூர் கரையிலிருந்து கிளம்பிய வள்ளம் சில கிலோமீட்டரிலேயே கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கரையில் நின்றால் தெரிகிற தூரம். ரெண்டு வாரம் கழித்து டக்காரிலிருந்து 70 கிலோமீட்டர் தள்ளி ஒரு வள்ளம் தானாக மிதந்துகொண்டிருந்தது. உள்ளே குறைந்தது 30 உடல்கள், அடையாளம் காண முடியாத நிலையில். மாற்றத்துக்கு ஓட்டுப் போட்ட அதே வயசுப் பையன்கள். ஆறு மாதம்கூடப் பொறுக்க முடியாத அளவு வறுமை இருந்திருக்கிறது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

#9 — தெருவிளக்கு

பாய்மரம் அண்ணே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

வருஷக் கடைசியில் பிரான்ஸ் ராணுவத்தை வெளியே போகச் சொன்னார்கள் என்பது என்ன விவகாரம்? தியாரோய் என்று ஒரு பெயரும் அடிபட்டதே?

#10 — வெண்சங்கு

தியாரோய் டக்காருக்குப் பக்கத்தில் இருக்கிற இடம். 1944 டிசம்பர் 1. ரெண்டாம் உலகப்போரில் பிரான்ஸுக்காகச் சண்டை போட்டு ஜெர்மானியரிடம் கைதியாக இருந்து திரும்பிய மேற்கு ஆப்பிரிக்க வீரர்கள், தங்களுக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். பிரெஞ்சு ராணுவம் விடியற்காலையில் சுட்டது. 35 பேர் என்று அப்போது எழுதிவைத்தார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கலாம் என்று வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். எங்கே புதைத்தார்கள் என்பதே சர்ச்சைதான்.

80-வது வருஷ நினைவு 2024-ல் வந்தது. அதற்குச் சில நாள் முன், நவம்பர் 28 அன்று, பிரான்ஸ் அதிபர் மக்ரோன் ஃபாய்க்கு எழுதிய கடிதத்தில் அதைப் படுகொலை என்று ஒப்புக்கொண்டார். சம்பளம் கேட்டவனைச் சுட்டதைச் 'சம்பவம்', 'கலகம்' என்றே எண்பது வருஷம் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கே இப்போது வயசாகிவிட்டது.

#11 — வடகரை

அதே நவம்பர் 28 அன்று ஃபாய், இறையாண்மை உள்ள நாட்டில் வெளிநாட்டு ராணுவ முகாம் இருப்பது பொருந்தாது என்று பிரெஞ்சுப் பத்திரிகையிலேயே சொன்னார். டிசம்பர் 31 உரையில் 2025-ல் எல்லா அந்நியப் படையும் கிளம்பும் என்றார். 2025 ஜூலை 17 அன்று கடைசி முகாமும் கைமாறியது. மாலியிலும் நைஜரிலும் இதையே ராணுவ ஆட்சியாளர்கள் கோபமாகச் செய்தார்கள். இவர் தேர்தலில் ஜெயித்து வந்து, தேதி போட்டு, வழியனுப்பிச் செய்தார். மாலி, புர்க்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எக்கோவாஸ் கூட்டமைப்பை விட்டுப் போகிறோம் என்று அறிவித்ததும் அந்த வருஷ ஜனவரியில்தான். அவர்களோடு பேச ஜூலையில் எக்கோவாஸ் இவரைத்தான் அனுப்பியது. பேச்சு பலிக்கவில்லை, அது தனிக் கதை.

எனக்கு இப்போது இருக்கிற கவலை வேறு. செப்டம்பர் 12-ல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார்கள், நவம்பர் 17 தேர்தலில் பாஸ்தெஃபுக்கு 165-ல் 130. மாக்கி சால் வெளிநாட்டிலிருந்தபடியே தலைமை தாங்கிய அணிக்கு 16. நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒரே கட்சி. நாளைக்கு இவர்களே எல்லை மீறினால் யார் கேட்பது? கொண்டல், உங்கள் ஏழு பேர் இவர்களுக்கும் அதே மாதிரி நிற்பார்களா?

#12 — கொண்டல்

வடகரை, இது சரியான கேள்வி, இதற்கு ஓரளவு பதிலும் ஏற்கெனவே வந்துவிட்டது. வெண்சங்கு அக்கா சொன்ன பொதுமன்னிப்புச் சட்டத்துக்கே அது வந்து சேர்கிறது.

பாஸ்தெஃப் பிரசாரத்தில் அந்தச் சட்டத்தை ரத்து செய்வோம் என்றது. ஆட்சிக்கு வந்து, 130 பேரை வைத்துக்கொண்டு, 2025 ஏப்ரல் 2 அன்று முழு ரத்துக்குப் பதிலாக ஒரு விளக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. கொலை, சித்திரவதைக்கு மன்னிப்பு கிடையாது, பொது உரிமைக்காகப் போராடியவர்களுக்கு மன்னிப்பு தொடரும் என்கிற மாதிரி. எங்கள் ஆட்களை விட்டுவிட்டு அடுத்தவரை மட்டும் பிடிக்க வழி செய்கிறீர்கள் என்று எதிர்க்கட்சி மன்றத்துக்குப் போனது. ஏப்ரல் 23 அன்று மன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவை அரசியலமைப்புக்கு முரண் என்று தள்ளியது. ரெண்டு தரப்பும் தீர்ப்பு தங்களுக்கே சாதகம் என்று சொல்லிக்கொண்டார்கள், அது வேறு. ஆனால் 130 எம்.பி.க்கள் இருந்தும் அரசு அந்தத் தீர்ப்புக்கு மேல் போகவில்லை.

அக்காவின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. சுட்டவர்கள் மேல் வழக்கு நடக்குமா என்பது. அந்தக் குடும்பங்கள் தொடங்கும் வழக்குகளைப் பற்றி யாருக்காவது டக்கார் பத்திரிகைகளில் செய்தி கண்ணில் பட்டால் இந்த இழையிலேயே போடுங்கள், நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.